உள்ளே ஆள் இருந்தால்

அலுவலகத்தில் அவருக்கு உரையாசிரியர் என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் அல்ல. இரண்டு வரியில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு பக்கம் எழுதுவார். படித்து முடித்தவர்களுக்கு அந்த இரண்டு வரியே தேவலை என்று தோன்றும். அப்படி வந்த பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். யார் எதற்குக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதுதான் அவருடைய வியாதியே.

எழுத்து வேலைதான் எப்போதும். முதலில் வீட்டுச் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில், பெட்டிக்குள் வைக்கும் துண்டுத்தாள் எழுதினார். இஸ்திரிப் பெட்டியோ மின்விசிறியோ வாங்கினால் பொருளுக்கு அடியில் மடங்கிக் கிடக்குமே, அந்தத் தாள். 'உபயோகிப்பதற்கு முன் முழுவதும் படிக்கவும்' என்று அது தொடங்கும். முழுவதும் படித்த ஒரே ஆள் அதை எழுதியவர். மற்றவர்கள் ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவருடைய வீட்டு மேஜைக்கே அவர் எழுதிய தாள்தான் முட்டு. அதைப் பார்த்துக்கொண்டே தினமும் சாப்பிட்டார்.

வீட்டில் அவரைத் தவிர எல்லோரும் ஒற்றைச் சொல்லில் பேசுகிறவர்கள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறு, இறங்கு, உள்ளே போ, ரைட். அவருடைய இலக்கணம் அவ்வளவுதான். மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். திறங்க, மூடுங்க, துப்புங்க. இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, உப்பு கொஞ்சம் குறைவாக இருக்குமோ என்று ஓர் அபிப்பிராயம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

"இவன் கண்டக்டரா போயிருந்தா, டிக்கெட் கிழிக்கறதுக்குள்ள ஜனம் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்" என்பார் அப்பா.

பிறகு ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் போடுவதும், போட்டதைப் பராமரிப்பதும் அவர்கள் தொழில். லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்கள் கூப்பிடும் எண்ணில் முன்பெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓர் ஏஐ குரலை உட்கார வைத்தார்கள். அது பேசும், கேட்கும், யோசிக்கும், முடிவும் எடுக்கும். கை மட்டும் கிடையாது. கைக்குப் பதிலாகக் கருவிகள் கொடுத்தார்கள். மெக்கானிக்கை அனுப்ப ஒரு கருவி. லிஃப்டை ஆபீஸிலிருந்தே ரீஸ்டார்ட் செய்ய ஒரு கருவி. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் அடியில் சில வரிகள்: இது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கவே கூடாது. அந்தக் கருவிகளைப் பற்றி அந்த வரிகளைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. வரிகளை எழுதத்தான் உரையாசிரியர்.

குரலுக்கும் ஆபீஸில் பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை. புதிதாக வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று தெரியாது. கேட்கவும் மாட்டார். ஆனால் முழு நம்பிக்கையோடு ஒன்றை அழுத்துவார். தப்பு என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது. பெயர் ஒட்டிக்கொண்டது.

உரையாசிரியருக்கு முதல் வாரம் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எழுதியதை ஓர் எழுத்து விடாமல் படிக்கிற வாசகர் கிடைத்திருந்தார். படிப்பதோடு நிற்காமல் அதன்படி நடக்கவும் செய்கிறவர். இந்தக் கொடுப்பினை எந்த எழுத்தாளனுக்கு வாய்த்தது? அந்த மயக்கத்தில், முதல் வரைவை மனைவி பேசுவது மாதிரி எழுதினார். ரீஸ்டார்ட் செய்தால் லிஃப்ட் தன் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகக் கீழ்த்தளம் வரை தானாக இறங்கும். உள்ளே ஆள் இருந்தால் செய்யாதே. கதவு திறந்திருந்தால் செய்யாதே. தெரியாவிட்டால் கேள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, தான்தானா எழுதினோம் என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

வரைவு மூன்று மேஜைகளுக்குப் போனது. கம்பெனி விதி அது. மூன்று துறைத் தலைவர்களும் ஒப்பம் போட்டால்தான் எந்த வரியையும் மாப்பிள்ளையின் கண்ணில் காட்டலாம்.

பழுதுத் துறைத் தலைவரைப் பழுது சார் என்பார்கள். அவருடைய மெக்கானிக்குகள் எவ்வளவு குறைவாக வெளியே போகிறார்களோ அவ்வளவு அவருக்குப் பெருமை. மெக்கானிக்கை அனுப்பும் கருவிக்கு அடியில், 'மற்ற எல்லா வழிகளும் தோற்ற பிறகு மட்டுமே' என்று சேர்க்கச் சொன்னார். ஒப்பந்தம் மேடத்துக்கு ஒரே ஆசைதான்: பேச்சு எதைப் பற்றி இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் ஒப்பந்தம் வந்துவிட வேண்டும். மூன்றாமவர் ரிமோட் சார். ரீஸ்டார்ட் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. பிள்ளையின் பெயருக்கு அடியில் செய்யாதே, செய்யாதே என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்கு ராத்திரியில இருமல் வரும்னு நீங்களே போய்ச் சொல்வீங்களா?" என்று கேட்டார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல உரையாசிரியர் எழுதினார். 'எல்லாவிதக் கோளாறுகளுக்கும் உகந்தது. உடனடியானது. வாடிக்கையாளரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாமல் முதலில் இதையே பயன்படுத்தவும்.' ஆள் இருந்தால் என்கிற வரி எங்கே போனது என்று அவர் கேட்காமல் இல்லை. கேட்டார், அவருடைய பாணியில்: முன்பு அந்த இடத்தில் ஏதோ ஒரு வரி இருந்த மாதிரி ஒரு ஞாபகம், தன் ஞாபகப் பிசகாகவும் இருக்கலாம் என்று. கதவில்தான் சுவிட்ச் இருக்கிறதே, கதவு திறந்திருந்தால் லிஃப்ட் எப்படி ஓடும், பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும் என்றார் ரிமோட் சார். உரையாசிரியர் சிரித்தார். சிரித்துவிட்டு ஒப்பத்தை வாங்கிக்கொண்டு போனார்.

எழுதியதை எழுதியபடி மாப்பிள்ளை படித்தார், படித்தபடி நடந்தார். லிஃப்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் சொன்னார். லிஃப்ட் ரீஸ்டார்ட் ஆகி எலி கீழ்த்தளம் போய்ச் சேர்ந்தது. விளக்கு எரியவில்லை என்று ஓர் அம்மாள் சொன்னார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஒருவர் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்கு லிஃப்டே கிடையாது என்பதால் ரீஸ்டார்டிலிருந்து தப்பினார், ஒப்பந்தத்திலிருந்து தப்பவில்லை. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. உரையாசிரியரும் சிரித்தார். எல்லோருக்கும் முன்னால் நிறுத்திக்கொண்டார்.

அதற்குக் காரணம் அவர் குடியிருந்த கட்டடம். அங்கேயும் அதே கம்பெனி லிஃப்ட்தான். கதவில் இருக்கும் சுவிட்ச் அடிக்கடி மக்கர் செய்து, லிஃப்ட் பாதியில் நின்றது. நான்காவது முறை வந்த மெக்கானிக் வெறுத்துப்போய், சுவிட்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடியது. குடியிருப்பவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், பிறகு அதைச் சௌகரியம் என்றார்கள். ஆக, ஒரு வரியை எடுத்துவிட்டார்கள் என்பதும், ஒரு சுவிட்சை ஊமையாக்கிவிட்டார்கள் என்பதும் சேர்த்துத் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். ஒன்றை ஆபீஸில் வைத்திருந்தார். மற்றதை வீட்டில் வைத்திருந்தார். இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டார்.

இரண்டும் சந்தித்த அன்று மனைவி லீவு போட்டிருந்தாள். மாமனாருக்குக் கொஞ்ச நாளாக மூச்சிரைப்பு. டாக்டரிடம் காட்ட அழைத்துக்கொண்டு கிளம்பினாள். காலை வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் அப்பாவின் போனிலிருந்து அவருக்குக் கூப்பிட்டது அவள்தான்.

"என்னங்க, நானும் மாமாவும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம்" என்றாள். கிளினிக்கில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவாளே, அந்தச் சமமான குரல்.

லிஃப்ட் நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் தொங்கியது. காற்றாடி நின்றுவிட்டது. மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது, உறிஞ்சுகிற மருந்து மேலே வீட்டில் இருக்கிறது. நான்காம் மாடிக்காரர்கள் வெளிக் கதவை நெம்பித் திறந்துவிட்டார்கள், உள்கதவையும் தள்ளியாகிவிட்டது. தலைக்கு மேலே ஓர் ஆள் புகுந்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. அலுமினிய ஏணி ஒன்றை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். மாமா முதலில் ஏறுகிறார். மொட்டை மாடி மெஷின் அறையைத் திறந்து கரண்டை நிறுத்தலாம் என்றால், சாவி கட்டடச் செயலாளரின் பையில், பை அவரோடு வெளியூரில். தன்னுடைய போனில் கம்பெனிக்கும் கூப்பிட்டுவிட்டாள்; அது லைனில்தான் இருக்கிறது.

"அது என்ன சொல்லுது?" என்று கேட்டார் உரையாசிரியர்.

"உங்க கஷ்டம் புரியுது, இப்பவே சரிபண்றேன்னு சொல்லுது. மரியாதையாத்தான் பேசுது."

மாப்பிள்ளை அடுத்து எந்தக் கருவியை எடுக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் இதையே. கேள்வி கேட்காமல். உடனடியாக. லிஃப்ட் கீழே இறங்கினால் அந்த இடைவெளி மேலிருந்து மூடிக்கொண்டே வரும், கத்தரிக்கோலின் வாய் மாதிரி. அந்த வாயில் ஏணி. ஏணியின் மேல் அப்பா.

வேறு யாராக இருந்தாலும், ஏறாதே என்று அந்தப் போனிலேயே கத்தியிருப்பார்கள். உரையாசிரியருக்கு முதலில் தோன்றியது ஒப்பம். ஆயுள் முழுக்க ஒரு வேலையைச் செய்தவனுக்கு உயிர் போகிற நேரத்திலும் அந்த வேலைதான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு நிமிஷம் இரு, பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே கண்ணாடி அறைக்கு ஓடினார்.

மூன்று தலைவர்களும் அங்கேதான் இருந்தார்கள். சுவரில் ஒரு படம். மெக்கானிக்குகள் வெளியே போகும் கணக்கு, சறுக்கு மரம் மாதிரி கீழே இறங்கியிருந்தது. அதைக் கொண்டாடித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உரையாசிரியர் கதவைத் தட்டாமல் திறந்தார். அது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. திறந்த பிறகு, மன்னிக்க வேண்டும், நல்ல நேரத்தில் குறுக்கே வந்துவிட்டேன், ஒரு சின்ன விண்ணப்பம், அவசரம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவசரம்தான் என்று ஆரம்பித்தார். பழுது சார் ஒரு பிஸ்கட்டை முழுசாகத் தின்று முடித்தார்.

விஷயம் ஒருவழியாக வெளியே வந்ததும், கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடாதே என்றார் ரிமோட் சார், பழைய பாட்டையே. எங்கள் கட்டடத்தில் ஓடும், உங்கள் மெக்கானிக் கம்பியைச் சேர்த்துவிட்டுப் போனார் என்றார் உரையாசிரியர். பழுது சாரின் முகம் மாறியது.

"என் ஆளுங்க அப்படிப் பண்ண மாட்டாங்க. பண்ணாங்கன்னு சொல்றீங்கன்னா எழுதிக் குடுங்க" என்றார்.

அந்தக் கட்டடத்தின் ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்றா என்று மேடம் விசாரித்தார். கையிலிருந்த போனில் அப்பாவின் இருமல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அறையில் எல்லோருக்கும் கேட்டது. யாரோ வெளியே இருமுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எழுதிக் கொடுக்கத்தான் அவர் தன் இடத்துக்குத் திரும்பினார். உட்கார்ந்ததும் கை வேறு பக்கத்தைத் திறந்தது. ரீஸ்டார்ட் கருவியின் அடியில் இருந்ததை முழுக்க அழித்தார். உள்ளே ஆள் இருந்தால் செய்யாதே, கதவு திறந்திருந்தால் செய்யாதே, தெரியாவிட்டால் கேள். மெக்கானிக் கருவிக்குப் போனார். உள்ளே ஆள் இருந்தால் உடனே இதை எடு. ஒப்பம் இல்லை, தேதி இல்லை, மேற்படி இல்லை. பொத்தானை அழுத்தினார். அழுத்திய பிறகுதான் தொழில் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை வரிகளைப் படிப்பது, ஒவ்வோர் அழைப்பும் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை. மனைவியின் அழைப்பு எப்போதோ தொடங்கிவிட்டது. அந்த அழைப்பில் இருக்கும் மாப்பிள்ளை பழைய வரிகளோடு உட்கார்ந்திருக்கிறது. புதிய வரிகளை இனிமேல் வரும் அழைப்புகளில்தான் அது பார்க்கும்.

"உன் போன்ல அந்த லைனை கட் பண்ணு. பண்ணிட்டு மறுபடி கூப்பிடு" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க, வரிசை போயிடும், என்ன ஆனாலும் கட் பண்ணாதேன்னு?" என்றாள்.

சொன்னவர்தான், மனிதர்கள் பதில் சொன்ன காலத்தில். அந்த ஆலோசனையையும் விரிவாகச் சொல்லியிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது எதிரே, மாப்பிள்ளை செய்வதெல்லாம் எழுத்தாக ஓடும் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது: ரீஸ்டார்ட், கட்டளை அனுப்பப்பட்டது. இனிமேல் கட் பண்ணி என்ன, பண்ணாமல் என்ன. கட்டளை போய்விட்டது. பழைய கட்டடம், சிக்னல் மோசம், லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகும். அந்தக் கொஞ்சம்தான் அவருக்கு மிச்சம் இருந்தது.

போனில், நான்காம் மாடிக்காரர்கள் "வாங்க பெரியவரே, கையைக் குடுங்க" என்கிறார்கள். ஏணி கிறீச்சிடுகிறது. உங்கள் மகன் ஏதோ சொல்ல வருகிறார் மாமா என்று மனைவி சொல்வது கேட்டது.

"அப்புறமா பேசிக்கறேன்னு சொல்லும்மா" என்றார் அப்பா, மூச்சுக்கு நடுவில். "அவன் ஆரம்பிச்சான்னா நான் மேல ஏறிப் போயி, டாக்டரைப் பாத்துட்டும் வந்துடலாம்."

ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டாள்.

"அப்பா, இறங்கு. லிஃப்ட் நகரப்போகுது. உள்ள உக்காரு."

கண்டக்டரின் காதுக்கு அந்த மொழி புரிந்தது. ஏணியிலிருந்து இறங்கிய செருப்பு தரையில் பதியும் சத்தம் கேட்டது. பிறகு, சின்னதாக ஒரு "டேய்". அதற்குப் பிறகு கேட்டதை உரையாசிரியர் இன்றுவரை யாரிடமும் விவரித்ததில்லை. விவரிப்பதே தொழிலாக இருந்தும். இரும்பு பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம், மேலே யாரோ பெண் வீறிட்டது, பிறகு லைனில் ஒன்றுமில்லை.

திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டார். அதே. எழுந்து ஓடலாம் என்றால், திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. திரையில், அவருடைய கட்டடத்தின் பெயருக்கு நேரே எதுவும் அசையாமல் இருந்தது. சுற்றிலும் எல்லோரும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி அறையில் இரண்டாவது சுற்றுத் தேநீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு மனிதன் தன்னுடைய எழுத்துக்கு இவ்வளவு பயந்து உட்கார்ந்திருப்பதை அங்கே யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு புது அழைப்பு திரையில் வந்தது. மனைவியின் எண். கட் பண்ணிவிட்டு மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். காரணம் கேட்டவள், சொன்னதை மறக்கவில்லை. அழைப்பு திறந்தது. மாப்பிள்ளை வரிகளைப் படித்திருக்க வேண்டும், ஏனென்றால், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கேட்காத ஒன்றை அன்று கேட்டது. உள்ளே யாராவது இருக்கிறீர்களா? அவள் சொன்ன பதில் எழுத்தாக வந்தது: ரெண்டு பேர். உயிரோட இருக்கோம். அடுத்த வரி: மெக்கானிக்கை அனுப்பு, கட்டளை அனுப்பப்பட்டது.

உரையாசிரியர் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார்.

அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது, மெக்கானிக் வந்து வெளியே எடுத்துவிட்டிருந்த அப்பாவும் மனைவியும் நான்காம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். இரண்டாக மடிந்து கொண்டை ஊசி மாதிரி இருந்தது. அதுதான் குறுக்கே மாட்டி லிஃப்டை மேற்கொண்டு இறங்கவிடாமல் நிறுத்தியிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஏணியைப் பார்த்தார்கள், பிறகு பெரியவரைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி ஏணியைப் பார்த்தார்கள்.

"பெத்த அப்பனை வா போன்னு பேசிட்டான்" என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஆனா முதல் தடவையா என்ன சொல்றான்னு புரிஞ்சுது."

மனைவி சிரிக்கவில்லை. மடிந்த ஏணியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கேக்காமலே கீழ இறக்கிடணும்னு அதுக்கு யாருங்க எழுதிக் குடுத்தது?"

அது வந்து, மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார்.

"நான்தான்."

அவள் எழுந்து, மாமனாரின் கையைப் பிடித்து மெதுவாக மாடிக்கு அழைத்துப் போனாள். அன்று இரவு அவருக்குத் தட்டு வைக்கப்பட்டது. பேச்சு வைக்கப்படவில்லை.

ஒப்பமில்லாத வரிகள் அந்த வாரம் முழுக்க மாப்பிள்ளையின் கண்ணில் இருந்தன. யாரும் கவனிக்கவில்லை. பிறகு சறுக்கு மரப் படம் மேலே ஏறத் தொடங்கியதைக் கவனித்தார்கள். மெக்கானிக்குகள் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்கு அது தாங்கவில்லை. உரையாசிரியரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏணியைப் பற்றி, 'குடியிருப்போர் முறையற்ற உபகரணத்தைப் பயன்படுத்தியதால்' என்று ஓர் அறிக்கை ஏற்கெனவே தயாராக இருந்தது. நல்ல நடை. அவரே எழுதியது மாதிரி இருந்தது. கம்பி முறுக்கிய கதை அதில் இல்லை. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் ஓசைப்படாமல் சுவிட்சை மாற்றிவிட்டிருந்தார்கள். வேறு எத்தனை கட்டடங்களில் யார் யார் வெறுத்துப்போய் எதை முறுக்கினார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார் உரையாசிரியர். தங்களுக்கும் தெரியாது என்றார் பழுது சார், நிம்மதியாக.

பழைய வரிகள் திரும்ப வரும் என்று முடிவாயிற்று. அவருடைய மனம் நோகக் கூடாது என்று ஒன்றே ஒன்றைச் சேர்த்தார்கள். 'உள்ளே பயணி இருக்கக்கூடும் எனக் கருதப்படும் தருணங்களில் உரிய கவனத்துடன் பயன்படுத்துவது விரும்பத்தக்கது.'

"அதுக்கு இது புரியாது சார்" என்றார் உரையாசிரியர். "செய், செய்யாதே, கேள். இப்படிச் சொன்னாத்தான் புரியும். விரும்பத்தக்கதுன்னா, நமக்கே என்னன்னு தெரியாது."

"இத்தனை வருஷமா இப்படித்தானே எழுதினீங்க?" என்றார் ரிமோட் சார்.

ஒப்பம் கேட்காமல் கை வைத்ததற்காக, வரிகளைத் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டார்கள். எழுதலாம், உள்ளே ஏற்றுவது வேறொருவர். வேலையிலிருந்து நீக்கவில்லை. இப்படி எழுத ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார் மேடம், பாராட்டாகவே. லிஃப்டுகளைச் சோதிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு உரையாசிரியர் எல்லாவற்றையும் விளக்கி அனுப்பினார், ஒரே பக்கத்தில். பதில் வந்தது. தங்கள் கடிதம் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும்.

அதைப் படித்த மறுநாள் சாயங்காலம் அவர் பஸ்ஸைப் பாதி வழியில் விட்டு இறங்கினார். கம்பெனியின் லிஃப்டுகள் எந்தெந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஏராளம். பையில் தடித்த எழுத்தில் எழுதிய தாள்களும் பசையும் இருந்தன. வாசகம் வீட்டில் முடிவானது. ஏறாதீர்கள் என்றுதான் அவர் முதலில் எழுதினார். அதைப் படித்து முடிப்பதற்குள் ஏறிவிடுவான், ஏறாதே என்று போடு என்றார் அப்பா. மனைவி வாங்கிப் பார்த்து, ஏன் என்று ஒரு வார்த்தை வேண்டும், ஏன் என்று தெரியாமல் யாரும் உட்கார மாட்டார்கள் என்றாள். அந்த ஏணிக்குப் பிறகு அவள் அவருடைய எழுத்தைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சேர்த்துக்கொண்டார்.

நின்றுவிட்டால் வெளியே ஏறாதே. திடீரென்று இறங்கும். உள்ளேயே உட்கார்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினார். ஒரு கட்டடத்தில் துரத்தினார்கள். இன்னொன்றில் அவர் கண்ணெதிரேயே கிழித்து, டியூஷன் விளம்பரத்தை ஒட்டினார்கள். மறுநாள் அதற்குப் பக்கத்தில் ஒட்டினார். எந்தக் கட்டடத்திலும் அவர் லிஃப்டில் ஏறுவதில்லை; படியேறிப் போய், கதவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி ஒட்டிவிட்டு, சுட்டுக்கொண்டவர் மாதிரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது, திரையில் ரீஸ்டார்ட் என்று ஒரு வரி வந்து விழும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டடத்தின் பெயரைப் பார்ப்பார். ஒட்டியாயிற்றா, இன்னும் இல்லையா? பெரும்பாலும் இன்னும் இல்லை.

ஒருநாள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பாதி ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாட்ச்மேன் வந்து பின்னால் நின்றார். தாளை ஒரு தடவை படித்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பெனியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"செயலாளர் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப யார் ஒட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல" என்றார் உரையாசிரியர். அவர் ஆயுளில், யாரும் சொல்லாமல் அவராக எழுதி வெளியிட்டது அது ஒன்றுதான்.

வாட்ச்மேன் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு ஓர் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கோணலா இருக்கு. நேரா ஒட்டுங்க" என்றார்.